சிட்னியிலிருந்து என் காதுக்குள் வந்த டீச்சர்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்–பிள்ளை ஊடாடல் சிகிச்சை (ஆங்கிலச் சுருக்கத்தில் பி.சி.ஐ.டி.) என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வயது முதல் ஏழு வயது வரையான, சொல் கேளாமல் அடித்துக் கடித்து எறிகிற பிள்ளைகளுக்கானது. அதைச் சிட்னியில் இருக்கும் ஒரு தமிழ் உளவியலாளரிடமிருந்து, கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் இருந்தபடி, இணையவழியாகப் பெற்றோம். பத்துக்கு எட்டுப் புள்ளி கொடுப்பேன். குறைத்த இரண்டில் ஒன்று கட்டணத்துக்கு. மற்றது, மட்டக்களப்பில் ஒரு வளவில் பிள்ளை எப்படி வளர்கிறது என்பது அந்த முறையின் கணக்கிலேயே இல்லாததற்கு.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் இன்னும் டீச்சர்தான். மகள் தாதி, பகல், இரவு என்று முறை மாறி மாறி வேலை. மருமகன் கட்டாரில். நாலரை வயதுப் பேரன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் என்னோடுதான். அவன் செய்ததையெல்லாம் எழுதினால் இது குற்றப்பத்திரிகையாகிவிடும் என்பதால் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். பால் கோப்பையைச் சுவரில் அடிப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தோளில் பல் பதியக் கடித்தான். ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் கூட்டத்தின் நடுவே பலூன் கேட்டு மண்ணில் விழுந்து புரண்டான். குளத்தில் தீர்த்தமாடி ஈரச் சேலையோடு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஆளுக்கோர் ஆலோசனையை விட்டுவிட்டு. முன்பள்ளியில், "கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்றார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.

ஊரில் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். நாவூறு பார்த்தோம், செத்தல் மிளகாயும் உப்பும் நெருப்பில் வெடித்ததைக் கண்டு பேரன் கைதட்டி, இன்னொரு தடவை போடச் சொன்னான். கோயிலில் நூல் கட்டினோம். கைபேசியைக் கையில் கொடுத்தோம். கொடுக்கும்போது வந்த அமைதியைப் பறிக்கும்போது வட்டியோடு திருப்பித் தந்தான். அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். 2005இல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்து பள்ளிகளில் உடல் தண்டனைக்குத் தடை வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த முணுமுணுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரம்பில்லாமல் எப்படி வகுப்பைக் கட்டி மேய்ப்பது என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நான் மேய்த்துக் காட்டினேன். ஒரு வகுப்பையே அப்படி நடத்தியவள் ஒற்றைப் பிள்ளைக்காகப் பிரம்பைத் தேடுவதா என்ற ரோஷம் எனக்கு இருந்தது.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நல்ல காரியம் செய்தார். முதலில் காதைப் பாருங்கள், பேச்சைப் பாருங்கள் என்றார். சொல் கேளாத பிள்ளை என்று நாம் திட்டுகிற பிள்ளைக்கு உண்மையிலேயே காது சரியாகக் கேளாமல் இருக்கலாம். மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வராத பிள்ளை கையையும் பல்லையும் பயன்படுத்தலாம். அரச வைத்தியசாலையில் காட்டினோம். அங்கே கட்டணம் இல்லை, காத்திருப்பு மட்டும் உண்டு. காதும் பேச்சும் சரியாக இருந்தன. பிற்பாடு சிட்னி உளவியலாளர் முதல் உரையாடலிலேயே கேட்டதும் அதைத்தான். வைத்தியசாலையில் தந்த கடிதத்தைக் காட்டிய பிறகே மற்றதைப் பேசினார். அந்த இடத்திலேயே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அவரைக் கண்டுபிடித்தது சிட்னியில் இருக்கும் என் மகன். கட்டணமும் அவன்தான் கட்டினான். ஒரு அமர்வுக்கான தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, என் ஓய்வூதியத்தை நினைத்து, பெருக்குவதையே விட்டுவிட்டேன். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு அது வழமையான தொகையாம். இருக்கலாம். கல்லடியில் அது வழமையான தொகை இல்லை. வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீட்டுக்கு இது எட்டாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி முறையைப் பற்றி. 1970களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஷீலா ஐபர்க் என்ற உளவியலாளர் உருவாக்கியது. பிறகு அவர் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இதை வளர்த்தார். அவருக்கு முன்பே ஒரிகனில் கொன்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்பவர் தாய்மாருக்கு இரண்டு கட்டங்களாகப் பயிற்சி கொடுக்கும் வழியைக் காட்டியிருந்தார்: முதல் கட்டத்தில் பிள்ளையின் பின்னால் பெரியவர் போக வேண்டும், இரண்டாம் கட்டத்தில் பெரியவர் சொல்வதைப் பிள்ளை கேட்க வேண்டும். ஐபர்க் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, முதல் கட்டத்துக்குள் விளையாட்டுச் சிகிச்சையின் மென்மையையும் சேர்த்தார். அன்பும் கண்டிப்பும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கும்போதுதான் பிள்ளை நன்றாக வருகிறது என்று 1960களில் டயானா பௌம்ரிண்ட் என்ற ஆய்வாளர் எழுதியது இதற்கு அடித்தளம். நம் வீடுகளில் அன்புக்கு அம்மம்மாவும் கண்டிப்புக்கு அப்பாவும் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். அப்பா கட்டாருக்குப் போய்விட்டால் கண்டிப்பும் கூடவே விமானம் ஏறிவிடுகிறது.

இதில் சிகிச்சை பெறுவது யார் என்று கேட்டால், நான். பிள்ளையைத் தனி அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திச் செய்யும் வித்தை எதுவும் கிடையாது. சிகிச்சை நிலையங்களில் பெரியவரும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாட, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் உளவியலாளர் நிற்பார். பெரியவரின் காதில் ஒரு சிறு கருவி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சொல்வது அதன் வழியே காதுக்கு வரும். அதைக் கேட்டபடி அந்த நொடியே செய்ய வேண்டும். எங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் கைபேசியின் கமரா, காதுக் கருவிக்குப் பதில் மகளின் இயர்போன். நான் பணம் கொடுக்கத் தகும் என்று சொல்வது இந்தக் காதுக் குரலுக்குத்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளை கோப்பையைத் தூக்கிய கணத்தில் எந்தப் புத்தகமும் நமக்கு உதவிக்கு வராது. ஒரு மணித்தியால விரிவுரை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழைய குரலிலேயே கத்துகிற பயிற்சிப் பட்டறைகளை ஆசிரியத் தொழிலில் நிறையக் கண்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு வினாத்தாள் கொடுத்தார். ஐபர்க்கின் பெயரிலேயே வழங்குவது. 36 நடத்தைகள்: உடுத்துவதில் மினக்கெடுதல், சாப்பாட்டு நேரத் தகராறு, படுக்கப் போக மறுத்தல், சிணுங்கல், சண்டை என்று போகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று 1 முதல் 7 வரை புள்ளியிட வேண்டும். அப்படியானால் ஆகக் குறைந்தது 36, ஆகக் கூடியது 252. 131ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய பிள்ளை. 114 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் சிகிச்சையை முடிப்பார்கள். எங்கள் பேரன் 131ஐத் தாராளமாகத் தாண்டியிருந்தான். கிழமைதோறும் இதே தாளை நிரப்ப வேண்டும். சிலருக்கு இது அலுப்பாக இருக்கும், எனக்குப் பிடித்தது. பிள்ளை இப்போது பரவாயில்லை என்று நம் மனம் சொல்வதற்கும் தாள் சொல்வதற்கும் இடையில் சில கிழமைகளில் நிறைய வித்தியாசம் இருந்தது. மகளும் நானும் தனித்தனியே நிரப்பினோம். இரவு வேலை முடித்து வந்த நாட்களில் அவளுடைய புள்ளிகள் எப்போதும் கூடுதலாக இருந்தன. உளவியலாளர் அதைக் கண்டு, பிள்ளையை விட்டுவிட்டு மகளின் நித்திரையைப் பற்றிக் கேட்டார்.

முதல் கட்டத்தின் சட்டம் இதுதான். நாள்தோறும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், பிள்ளை தெரிவு செய்யும் விளையாட்டை அவன் போக்கில் விளையாட வேண்டும். அவன் செய்வதைச் சொல்ல வேண்டும், வானொலியில் கிரிக்கெட் வர்ணனை சொல்வதைப்போல. அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் செய்வதைச் செய்ய வேண்டும். நல்லதைக் கண்டால் எது நல்லது என்று பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். மகிழ்ச்சியோடு இருக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கட்டளையிடக் கூடாது, குறை சொல்லக் கூடாது.

கேள்வி கேட்கக் கூடாதாம்! இலங்கை ஆசிரியையிடம் சொல்கிறார்கள். இது என்ன நிறம், இதில் எத்தனை, இது எந்த எழுத்து என்று கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். முதல் பரீட்சையில் அவர் என் கேள்விகளை எண்ணிக் களைத்துப்போனார். தேறுவதற்கு ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லிப் பாராட்டியது 10, திருப்பிச் சொன்னது 10, விவரித்தது 10 வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது. செய்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு அதிகாரம் செய்கிறோம் என்பது அப்போதுதான் காதில் விழும். மகள் என்னைவிட விரைவில் தேறினாள். வைத்தியசாலையில் நோயாளிகளோடு பேசிப் பழகியவள்.

எந்த விளையாட்டுப் பொருள் என்பதிலும் விதி உண்டு. கட்டி எழுப்பக்கூடியவை நல்லது. பந்து, துப்பாக்கி, வெற்றி தோல்வி உள்ள ஆட்டங்கள், சிந்திச் சிதறும் சாயம் வேண்டாம். அவற்றை எடுத்தாலே 'எறியாதே, ஊற்றாதே' என்று சொல்ல வேண்டிவரும். அவர் அனுப்பிய படத்தில் இருந்த மரக்கட்டைப் பெட்டி கொழும்பில் யானை விலை. மாமாங்கத் திருவிழாக் கடையில் வாங்கிய மண்சட்டி, பானைகளும், வழித்து உலர்த்திய சிரட்டைகளும், தச்சரிடம் கேட்டு வாங்கிய துண்டுப் பலகைகளும் போதாதா என்று கேட்டேன். போதும் என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்.

ஒரு காலை இப்படிப் போனது. பாயில் சட்டிகளும் சிரட்டைகளும். கைபேசி அரிசி டின்னில் சாய்ந்து நிற்கிறது. பேரன் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து அதன்மேல் சட்டியை ஏற்றுகிறான்.

"சிரட்டைக்கு மேலே சட்டியை வைக்கிறீர்கள்," என்கிறேன்.

"நல்ல விவரிப்பு, டீச்சர்," என்கிறது காது.

"இது அடுப்பு," என்கிறான் பேரன்.

"இது அடுப்பு."

"திருப்பிச் சொன்னீர்கள். அப்படியே போங்கள்."

"நான் நண்டு ஆக்கப் போகிறேன்."

எத்தனை நண்டு, யார் பிடித்தது, யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேள்விகள் என் நாக்கு நுனியில் வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நண்டு ஆக்கப் போகிறீர்கள்," என்கிறேன். அவன் சட்டியை வேகமாகக் கிண்ட, சிரட்டை சறுக்கி எல்லாம் சரிகிறது. அவன் தோள் விறைக்கிறது. வீடே அதிரப் போகிறது என்று நான் வாயைத் திறக்கிறேன். "பேசாதீர்கள்," என்கிறது காது. "பொறுங்கள். பொறுங்கள்." அவன் என்னைப் பார்க்கிறான். சட்டியைப் பார்க்கிறான். பிறகு சிரட்டையை மண்ணில் அழுத்தி இருத்துவதுபோலப் பாயில் அழுத்தி, சட்டியைத் திரும்ப ஏற்றுகிறான். "இப்போது!" என்கிறது காது. "சட்டி விழுந்தும் கோபப்படாமல் திரும்ப எடுத்து வைத்தீர்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது," என்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. முழங்காலால் நகர்ந்து என் மடிக்கு ஒரு சாண் கிட்ட வந்தான், அடுப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு.

என்னிடம் விட்டிருந்தால் அந்த இடத்தில் "கவனம், கவனம்" என்று கத்தியிருப்பேன், அவன் சட்டியை எறிந்திருப்பான். காதுக் குரலின் விலை இந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

பாராட்டில் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்து வீட்டு மச்சாள் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான் பேரனைப் புகழ்வதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். "பிள்ளையை வாய்விட்டு இப்படிப் புகழாதீர்கள் டீச்சர், நாவூறு படும்," என்றார். நம் ஊரில் பிள்ளையை நேரே புகழ்வது பழக்கம் இல்லை. பிள்ளை பருத்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மிளகாய் அடுப்பில் இருக்கும். உளவியலாளரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த முறையில் 'நல்ல பிள்ளை, கெட்டிக்காரன்' என்ற பொதுப் புகழ்ச்சிக்கு அவ்வளவு மதிப்பில்லை, செய்த செயலைச் சொல்லிப் பாராட்டுவதுதான் கணக்கில் வரும் என்றார். சட்டியை மெதுவாக வைத்ததைப் புகழ்ந்தால் நாவூறு சட்டிக்குத்தான் படும் என்று மச்சாளிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். போகும்போது பிள்ளையின் பக்கம் திரும்பி மூன்று தரம் "தூ, தூ" என்றுவிட்டுத்தான் போனார். இரண்டும் சேர்ந்து நடந்தன, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இடைஞ்சல் வேறு இடத்தில் வந்தது. குறைத்த அந்த ஒரு புள்ளிக்கான இடம் இது. சின்னச் சிணுங்கலையும் அடத்தையும் கண்டுகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அடங்கிய மறு நொடி திரும்பிப் பாராட்ட வேண்டும் என்பது இந்த முறையின் முக்கியமான தூண். அடிப்பதற்கும் உடைப்பதற்கும் இது பொருந்தாது. அப்போது விளையாட்டையே நிறுத்திவிட வேண்டும். காரணம் எளிது. பிள்ளை கத்துகிறான், பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. இருவருக்கும் அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆகவே இருவரும் அடுத்த முறையும் அதையே செய்கிறார்கள். ஒரிகனைச் சேர்ந்த ஜெரால்ட் பற்றர்சன் என்ற ஆய்வாளர் இந்தப் பொறியை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு பூட்டிய கதவு என்றால் பொறியிலிருந்து வெளியே வரலாம்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் இருந்த வீடு மகளுக்கு. தாய் அதே வளவில் பின்னால் ஒரு சிறிய வீட்டுக்கு நகர்வாள். தங்கைக்கு வேலியோரத்தில் இன்னொரு வீடு எழும்பும். எங்கள் வளவில் மூன்று வீடுகள், ஒரு கிணறு. பேரன் சிணுங்குகிறான். நான் சட்டப்படி முகத்தைத் திருப்புகிறேன். திருப்பிய பக்கத்தில் அக்கா கதலி வாழைப்பழத்தோடு நிற்கிறாள். இந்தப் பக்கம் திரும்பினால் மச்சாள் புட்டுக் கிண்ணத்தோடு. ஐந்து பெரியவர்கள் இருக்கும் வளவில் நால்வர் உறுதியாக இருந்தாலும் ஒருவர் விட்டுக்கொடுப்பார்; பிள்ளைக்கு அந்த ஒருவர் போதும். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

உளவியலாளரின் கெட்டித்தனம் இங்கே தெரிந்தது. ஓர் அமர்வுக்கு வளவு முழுவதையும் கூப்பிடச் சொன்னார். எல்லோரும் கைபேசிக்கு முன்னால் கூடினார்கள். மச்சாள் தலை வாரிப் பூ வைத்து வந்தார். உளவியலாளர் முறையை விளக்கினார், ஒவ்வொருவரையும் பேசவிட்டார். மச்சாள் ஒத்துக்கொண்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அழுகிற பிள்ளையைப் பாராமல் இருக்கச் சொல்வது என்ன படிப்பு?" என்றாள். நான் குறுக்கே பேசப் போனேன், உளவியலாளர் தடுத்தார். அக்காவை மட்டும் தனியே பேசவிட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு அக்கா கடற்கரைப் பக்கம் இருந்தவள். பிள்ளையின் அலறல் அன்றிலிருந்து அவளுக்குத் தாங்காது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுப் பேசுவதில்லை. சிட்னியில் பிறந்த பெண் ஒருத்தி அதைக் கேட்டு எடுத்துக்கொண்ட விதம் எனக்குத் திருப்தியாக இருந்தது. அக்காவை மாற்றப் போகவில்லை. பயிற்சி நேரத்தில் அக்கா கோயிலுக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று; அதற்குப் பதிலாக, பிள்ளை மெதுவாகப் பேசும்போதெல்லாம் முதலில் ஓடிவந்து மடியில் வைக்கிற உரிமை அக்காவுக்கு.

இரண்டாம் கட்டம் கட்டளைக்கானது. இதற்கு என் மதிப்பு கொஞ்சம் குறைவு. கட்டளை ஒன்றாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், செய்யக்கூடாததைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். 'சட்டியைத் தருகிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. 'சட்டியை என் கையில் கொடுங்கள்' என்று மரியாதையாகவே சொல்லலாம். நாம் பிள்ளைகளை வாருங்கள், இருங்கள் என்று பன்மையில் அழைக்கிற ஊர்க்காரர் என்பதால் இது எங்களுக்குச் சுலபமாக வந்தது. சொல்லிவிட்டு 5 நொடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஓர் எச்சரிக்கை, மறுபடி 5 நொடி. அதற்கும் இல்லையென்றால் கதிரையில் 3 நிமிடம், கடைசியில் 5 நொடி அமைதி. பிறகு அதே கட்டளைக்குத் திரும்ப வேண்டும். கதிரையில் இருந்துவிட்டதால் சட்டியைக் கொடுக்காமல் தப்பிக்க முடியாது. இந்த ஒழுங்கை முதலில் ஒரு துணிக் கரடியைக் கதிரையில் இருத்திப் பிள்ளைக்குக் காட்டினோம். கரடி மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டது.

பேரன் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டே முற்றத்தில் நடந்தான். என் தகப்பனார் காலத்து முதிரை மரக் கதிரையைக் கொண்டுவந்து போட்ட பிறகே அது முடிந்தது. கதிரையை விட்டு எழுந்து ஓடினால் என்ன செய்வது? சிகிச்சை நிலையங்களில் அதற்கென்று வெறும் அறை ஒன்று வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அறைகளுக்குத் திரைச்சீலைதான். கதவுள்ளது களஞ்சிய அறை மட்டும், அதில் மண்ணெண்ணெயும் கத்தியும் தேங்காய் துருவியும் இருக்கின்றன. உளவியலாளர் அதை உடனே மறுத்தார். பிள்ளை எழுந்தால் பெரியவர் விளையாட்டுப் பொருள்களை வாரிக்கொண்டு அறையைவிட்டுச் சிறிது நேரம் வெளியேறிவிட வேண்டும் என்ற மாற்று வழியைக் காட்டினார். அது நன்றாக வேலை செய்தது. சட்டி பானைகளை மடியில் கட்டிக்கொண்டு நான் விறாந்தைக்கு ஓடியதைப் பார்த்த மீன்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

இந்தக் கட்டத்தைக் காதில் குரல் இல்லாமல் செய்யாதீர்கள். கதிரையில் இருத்துவது அடிப்பதற்கு இன்னொரு பெயராக மாறிவிட அதிக நேரம் எடுக்காது. முன்பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தக் கதிரை விஷயத்தை மட்டும் எழுதித் தாருங்கள்" என்றார். நான் தரவில்லை. முதல் கட்டத்தில் பிள்ளை நம்மோடு ஒட்டியிராவிட்டால் கதிரைக்கு அவன் கண்ணில் என்ன பொருள்? எங்கள் உளவியலாளர் நாங்கள் இருவரும் முதல் கட்டப் பரீட்சையில் தேறும்வரை இரண்டாம் கட்டத்தைப் பேசவே மறுத்தார். மகன் அங்கிருந்து, "சீக்கிரம் கண்டிப்புக்கு வரச் சொல்லுங்கள் அம்மா, காசு போகிறது" என்றான். அவர் அசையவில்லை.

பலனைச் சொல்கிறேன். கடி நின்றுவிட்டது. எறிதல் அபூர்வம். புள்ளி 114க்குக் கீழே வந்து இருவரின் தாளிலும் நிலைத்தது. முன்பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் இன்னும் முழு பஸ்ஸுக்கும் தெரியப்படுத்துகிறான். ஐந்து நிமிட விளையாட்டை நாங்கள் நிறுத்தவில்லை. மகள் இரவு வேலைக்குப் போகுமுன் சீருடையோடு பாயில் இருந்து விளையாடிவிட்டுப் போகிறாள்.

வாங்குவதற்கு முன் சில விசாரணைகள் அவசியம். இந்த முறையில் சான்றிதழ் பெற்றவரா என்று கேளுங்கள்; அதை வழங்கவென்று பி.சி.ஐ.டி. இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இருக்கிறது. விளையாடும்போது நேரடியாகக் காதில் பேசுவாரா, அதுவும் தமிழில் பேசுவாரா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் சொல்வதை மனதில் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் சட்டி பறந்துவிடும். எத்தனை அமர்வு என்று முதல் நாளே அறுதியிட்டு மொத்தமாகப் பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். பொதுவாக 12 முதல் 20 அமர்வு வரை போகும் என்றாலும், முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பரீட்சையும் புள்ளியும்தான். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இது ஏற்றதல்ல. பிள்ளையோடு நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஆளே இல்லாத வீட்டுக்கும் பயனில்லை, எவ்வளவு பணம் கட்டினாலும்.

எங்களுக்கு வந்த ஒரே மனக்கசப்பு கடிகாரத்தால். சிட்னி நம்மைவிட நாலரை மணித்தியாலம் முன்னே இருக்கிறது. ஒக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுகிறார்கள், அன்றிலிருந்து ஐந்தரை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டி, சிரட்டை எல்லாம் பரப்பி, பேரனைக் குளிப்பாட்டி, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அமர்வு முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது, முழுக் கட்டணத்தோடு. உளவியலாளர் வருத்தம் தெரிவித்தார். அவருடைய அலுவலகம் பணத்தைத் திருப்பவில்லை. மகனுக்கு அது சிறு தொகை. எனக்கு இல்லை.

மாரிகாலத்தில் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரும், இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். காதில் மாட்டுவது கம்பியுள்ள இயர்போனாக இருக்கட்டும். கம்பியில்லாதது ஒன்றைப் பேரன் கிணற்றுக்குள் போட்டுவிட்டான். நேரத்தைக் காலை பத்தரைக்கு எடுங்கள். மீன்காரர் போயிருப்பார், சமையல் அடுப்பு இன்னும் மூட்டியிருக்க மாட்டார்கள், பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வர இன்னும் நேரம் இருக்கும்.